தவிட்டுக்கு வாங்கிய அக்காவும் நுணா மரமும்

எங்கள் அக்கா மறைந்த ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, அவரைப் பற்றி நீங்கள் காதோடு காதாகப் பேசியதை நான் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

மடுகரையில் எங்கள் பெற்றோருக்குத் தங்கிய முதல் பிள்ளை அக்கா. அவருக்கு முன் பிறந்தவை எல்லாம் மாந்தம் கண்டு, வயிறு உப்பி, பால் குடிக்காமல் போய்ச் சேர்ந்தன. அக்காவுக்கும் அது வந்தபோது, கிணற்றடி நுணா மரத்தின் இலையை வதக்கிப் பிழிந்து, ஓமம் சேர்த்து அம்மா புகட்டினார். பிள்ளை கண் திறந்தது.

பிள்ளை தங்காத வீட்டு வழக்கப்படி அம்மா பிள்ளையை மரத்தடியில் கிடத்தி, முறம் நிறையத் தவிடு கொட்டி, மரத்திடமிருந்து விலைக்கு வாங்கினார். அன்று முதல் அக்கா மரத்தின் பிள்ளை. அதில் வெள்ளையாகப் பூ பூத்தால் வீட்டில் நிம்மதி. ஒரு கிளை காய்ந்தால் அம்மா ஓடிப்போய் அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பல்பொடிக்குக் காயும் சிரங்குக்கு இலையும் பறிக்க வருகிறவர்கள் பக்கத்திலேயே காவல் நிற்பார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது மழை பொய்த்தது. எனக்கும் மாந்தம் கண்டது. மரத்தில் ஒரே கிளையில்தான் பச்சை மீந்திருந்தது.

"அதும் மேல கை வெக்காதடி. மரம் மொட்டையாச்சின்னா நீ இருக்க மாட்ட," என்று அம்மா தடுத்தாராம்.

"நான் இருக்கறனோ இல்லியோ, தம்பிக்கு இப்பவே மூச்சு போவுதும்மா," என்று சொல்லி அக்கா கிளையை வளைத்து மொத்தத்தையும் உருவினார். நான் பிழைத்தேன். மரம் அந்தக் கோடையிலேயே பட்டுப்போனது.

அக்கா வளர்ந்தார், ஏம்பலத்தில் வாழ்க்கைப்பட்டார். எதற்கும் சிரிப்பார். அவர் தும்மினால்கூட அம்மா கிணற்றடிப் பக்கம் பார்ப்பார். அவர் முழுகாமல் இருப்பது தெரிந்ததும், "மரம் சும்மா உடாதுபா" என்று நம்மவர்களே பேசினார்கள். பெண் குழந்தை பிறந்தது, உதிரம் நிற்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். செஞ்சியாற்றில் வெள்ளம். இக்கரையிலேயே அக்கா கண்ணை மூடினார்.

மரம் கூப்பிட்டுக்கொண்டது என்கிறீர்கள். வெள்ளம் வழி மறித்தது என்கிறேன் நான். சொல்லிவிட்டு நானும் கிணற்றடிப் பக்கம் பார்க்கிறேன்.

கடைசிவரை அவர் கையை விடாத மருத்துவச்சி அம்மாளுக்கும், வண்டி ஓட்டிய மாமாவுக்கும், கடை திறந்து கோடித்துணி கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் நன்றி மறவாது.

பட்ட மரத்தின் வேரில் இப்போது தளிர் விட்டிருக்கிறது. அக்காவின் குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிறு உப்பியிருக்கிறது. அம்மா முறத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

இலை வேண்டுவோர் தாராளமாகப் பறித்துக்கொள்ளலாம். நானும் குழந்தைக்காகப் பறிக்கத்தான் போகிறேன். தவிடு மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.