முழங்கையில் தெரிந்த நடுக்கம்

அலைபேசித் திரையில் 'பியூலா அக்கா' என்று வந்தது. குமணன்சாவடி சந்திப்பில் பேருந்து நகர மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தது. எடுத்தவுடன் வழக்கம்போல, "என்னக்கா, இடது பக்கம் இழுக்குதா?" என்றேன். எங்களுக்குள் அதுதான் வணக்கம். ஆனால் மறுமுனையில் அவருடைய கணவர் ஜெயராஜ் அண்ணனின் குரல் கேட்டது. "சங்கரு, நான் பேசறேன் பா. அக்கா நம்மள உட்டுட்டுப் பூட்டா." பேருந்திலிருந்து இறங்கி, அக்காவின் பிசியோதெரபி கிளினிக் இருக்கும் சந்துக்குள் நடந்து போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அங்கே போய் என்ன செய்ய நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் நூம்பலில் அக்கா வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியவர்கள். மற்றவர்கள் கழுத்து, முதுகு, மூட்டு என்று ஏதாவது ஒரு வலியோடு அவரிடம் போனவர்கள். வலியோடு போனவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் தோள்பட்டையைத் திருப்பி உங்களை அலறவைத்த அந்த அம்மாள், இரண்டாம் உலகப் போர் காலத்துப் போர் விமானங்களை ஓட்டுவார். கணினியில்தான், சிமுலேட்டரில். ஆனால் அதை விளையாட்டு என்று அவர் காதுபடச் சொல்லித் தப்பியவர் யாரும் கிடையாது.

நானும் நோயாளியாகப் போனவன்தான். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகு அக்கா, சிமுலேட்டரில் விமானத்தை ஓட்டும் ஜாய்ஸ்டிக் ஒன்றை மேசைமேல் வைத்து, "புடி. அது தள்ளும், நீ உடாத" என்றார். பிடித்தேன். உண்மையிலேயே தள்ளியது. சாதாரண ஜாய்ஸ்டிக்குக்குள் வெறும் ஸ்பிரிங் இருக்கும். இதற்குள் மோட்டார்கள் இருந்தன. விமானத்தின்மேல் காற்று எவ்வளவு மோதுகிறதோ அதற்கேற்ற கனம் கைக்கு வரும். வேகம் கூடினால் இறுகும், குறைந்தால் தளரும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது அதன் பெயர். எங்களுக்கு அது குச்சி. அதன் கைப்பிடியில் சிறிய கண் ஒன்று உண்டு. கை அந்தக் கண்ணை மூடியிருக்கும்வரைதான் மோட்டார் வேலை செய்யும். கையை எடுத்தால் குச்சி துவண்டுவிடும். என் மணிக்கட்டு சரியானது. ஆனால் நான் அங்கே போவதை நிறுத்தவில்லை.

ஊரெல்லாம் தேடிப் பழைய குச்சி ஒன்றை வாங்கி, கோவில்பதாகையில் என் வீட்டிலும் அமைத்தேன். முதல் வாரமே அக்காவை அழைத்தேன். "அக்கா, இந்த ஸ்பிட்ஃபயர் விமானத்துல பெரிய பிழை இருக்கு. ஓடுபாதையில வேகம் எடுத்தா இடது பக்கம் இழுத்துட்டுப் போய்ப் புல்லுல கவிழுது. படத்தோட அறிக்கை எழுதிட்டேன். தயாரிச்சவங்களுக்கு அனுப்பப் போறேன்." மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பில் ஜெயராஜ் அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாராம். "அனுப்பு, அனுப்பு. அந்தக் காலத்துல கவுந்து செத்த பைலட்டுங்கோ எல்லாரும் கீழ கையெழுத்துப் போடுவாங்கோ. இன்ஜின் அப்டித்தான் இழுக்கும். கடவுள் ஒனக்கு வலது காலு எதுக்குக் குடுத்துகீறாரு? மிதி!" காலடியில் இருந்த வலது பெடலை மிதித்தேன். விமானம் நேராக ஓடியது. அன்று முதல் நாங்கள் எப்போது பேசினாலும், இடது பக்கம் இழுக்குதா என்றுதான் ஆரம்பிப்போம்.

நோயாளிகளிடம் அக்கா பாடப்புத்தகம் மாதிரிப் பேசுவார். விமானத்தில் ஏறிவிட்டால் பிறந்த ஊரான பூந்தமல்லி வாயில் வந்துவிடும். பொறுமை கிடையாது. தாமதமாக வந்தால் படியிலேயே நிறுத்தித் திட்டுவார். அவர் போடும் டீயைப் பற்றி, அவர் இல்லாத இந்த நேரத்திலும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியாது. ஆனால் யாருடைய விமானம் கோளாறு செய்தாலும் கடைசியில் அவரிடம்தான் போவோம். அவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். "மொதல்ல கைய எடு." விமானத்தை அதன் போக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் கோளாறு இருந்தால் அது விமானத்தில். இல்லையென்றால் அது கையில். குச்சி செத்துவிடாமல் இருக்க, கட்டைவிரலால் அந்தக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு மற்ற விரல்களை விரித்துவிடுவார். நாங்கள் எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மூச்சுக்கூட விடாமல் பார்ப்போம்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும், எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தைச் சேர்ந்த முரளியின் குச்சிக்கு ஒருமுறை பேய் பிடித்தது. விமானத்தின் மூக்கைத் தூக்கினால் முன்னால் தள்ள வேண்டிய குச்சி பக்கவாட்டில் தள்ளியது. மோட்டார் போய்விட்டது என்று முரளி பிரிக்கத் தயாரானார். நான் மென்பொருள்மேல் பழியைப் போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மூட்டைச் சோதிப்பதுபோல் குச்சியை மெல்ல அசைத்துப் பார்த்தார். "மோட்டாரு நல்லாத்தான் கீது. முன்ன பின்ன வர வேண்டிய கனமும் பக்கத்துல வர வேண்டிய கனமும் எடம் மாறி உக்காந்துகினு கீது. செட்டிங்ஸ்ல மாத்து." மாற்றினோம், சரியானது. ஆனால் கைப்பிடியின் கண்மேல் முரளி கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்ததை அப்போது அவர் பார்த்துவிட்டார். டேப் ஒட்டினால் கை இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் செய்கிற குறுக்குவழிதான். அக்கா அதை உரித்து முரளியின் நெற்றியிலேயே ஒட்டினார். "ஆளில்லாத குச்சி ஆடக் கூடாது. சூடாயி எரியும், இல்ல யார் வெரலையாவது ஒடைக்கும்." முரளி அந்த டேப்போடுதான் அன்று டீ குடித்தார்.

அக்காவுக்கு வேகத்தில் ஆசையில்லை, சண்டையிலும் ஆசையில்லை. அவர் மிகவும் விரும்பியது ஒரு நடுக்கத்தை. உயரே போய், எஞ்சினை அடக்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், இறக்கை காற்றில் தன் பிடியை விடப்போகும் தறுவாயில் ஸ்பிட்ஃபயர் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் குச்சி வழியாக விரலுக்கு வரும். அப்போது குச்சியைத் தளர்த்தினால் பிழைக்கலாம். இன்னும் இழுத்தால் விழ வேண்டியதுதான். அக்கா அந்த விளிம்பிலேயே விமானத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பறப்பார். "நல்ல விமானம் சொல்லிட்டுத்தான் உழும். கேக்கறதுக்குக் கை வேணும்" என்பார்.

பிறகு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் மாதக்கணக்கில் மருந்து. கிளினிக் பூட்டிக் கிடந்தது. மாடியறைக்கு நாங்கள் போகவில்லை. போனால் சிரமம் கொடுத்ததாகும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மருந்து முடிந்து கொஞ்ச நாளில் அவரே அழைத்தார். "இடது பக்கமும் இழுக்கல, வலது பக்கமும் இழுக்கல. குச்சி செத்துப் போச்சு சங்கரு. நடுக்கம் வர்ல. முரளியையும் இட்டுகினு வா."

காலையில் போனோம். தலையில் துணி கட்டிக்கொண்டு, பாதியாக இளைத்து, நாற்காலியில் சாய்ந்திருந்தார். திட்டில் மட்டும் குறைவில்லை. கேபிளை மாற்றினோம். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். நடுக்கத்துக்கான விசையைக் கூட்டினேன். அடிப்பாகத்தைக் கழற்றி முரளி மோட்டார்களைத் துடைத்து மாட்டினார். ஒவ்வொரு முறையும் அக்கா பறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கனம் தோள்ல தெரியுது. நடுக்கம் மட்டும் இல்ல." வழக்கமாக அவர் சொல்வதை அன்று நான் சொன்னேன். "அக்கா, மொதல்ல கைய எடுங்க. நான் பாக்கறேன்."

நான் உட்கார்ந்தேன். எஞ்சினை அடக்கி மூக்கைத் தூக்கினேன். நடுக்கம் வந்தது. நான் கூட்டி வைத்த விசையில் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. என் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது என் முன்கையை. தசை துடிப்பதைப் பார்த்து வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர்.

"வருது இல்ல?"

"வருதுக்கா."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே இருந்திருக்கும்க்கா."

முரளி எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார். அக்கா தன் கிளினிக் பையிலிருந்து டியூனிங் ஃபோர்க்கை எடுத்தார். நோயாளிகளின் நரம்பைச் சோதிக்க வைத்திருக்கும் இரும்புக் கவை அது, தட்டினால் அதிரும். மேசையில் தட்டி, தன் விரல் கணுவில் வைத்தார். "இல்ல." மறுபடி தட்டி மணிக்கட்டு எலும்பில் வைத்தார். "இல்ல." ஒவ்வொரு முறை தட்டும்போதும் அந்த ரீங்காரம் எனக்குக் கேட்டது. கடைசியில் முழங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். "கீது. இங்க கீது." பட்டன் போடும்போது விரல் மரத்திருந்தது தெரியுமாம். மருந்து செய்கிற வேலை, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். "ஊருக்கெல்லாம் சோதிச்சேன், எனக்குச் சோதிக்கல பாரு. குச்சி மேல பழியப் போட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைக்கு என் கை தெரிந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அழுதது கொஞ்ச நேரம்தான். பிறகு முரளியை உள்ளே கூப்பிட்டு, "வெரல்ல போனா போவுது. முழங்கைக்கு வழி பண்ணு" என்றார். முரளி பட்டறையில் ஒரு அலுமினியத் தகட்டைப் பாதிக் குழாயாக வளைத்து, உள்ளே ரெக்ஸின் ஒட்டி, குச்சியின் கழுத்தில் மாட்டுகிற மாதிரி செய்துகொண்டு வந்தார். முன்கையை முழங்கைவரை அதில் கிடத்திப் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். விசையை முழு அளவுக்கு ஏற்றி, அந்த அளவைக் குச்சிக்குள்ளேயே பதிந்து வைத்தேன். ஆனால் கை தகட்டில் படுத்ததும் உள்ளங்கை கைப்பிடியைச் சரியாக மூடவில்லை. கண் திறந்துகொண்டு, நடுவானில் குச்சி திரும்பத் திரும்பச் செத்தது.

"டேப்ப எடு. ஒட்டு" என்றார் அக்கா.

முரளி நெற்றியைத் தடவிக்கொண்டார். "அக்கா, நீங்கதான் ஆளில்லாத குச்சி ஆடக் கூடாதுன்னு…"

"அதான் ஆளு கீறேனே! ஒட்டுடா."

ஒட்டினோம். அக்கா ஏறினார். வலது பெடலை மிதித்து, நேராக ஓடி, எழும்பி, உயரே போய் எஞ்சினை அடக்கினார். மூக்கு எழுந்தது. தகடு மெல்ல அதிரத் தொடங்கியது. "வந்துச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே இருந்த ஜெயராஜ் அண்ணன் மறுபடியும் ஓடிவந்தார். வாசலில் நின்று, தகட்டில் கட்டியிருந்த கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா இறங்கவே இல்லை. அந்த விளிம்பிலேயே வெகுநேரம் இருந்தார்.

அதன்பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன. கிளினிக்கைத் திறப்பது பற்றிக்கூடப் பேசினார். நோய் திரும்பி வந்துவிட்டது என்பது அவருக்கும் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது. நல்ல விமானம் சொல்லிவிட்டுத்தான் விழும் என்றவர், எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. யாரிடம் காட்டுவது?

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனபோது, ஜெயராஜ் அண்ணன் குச்சியைத் தகட்டோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "எட்த்துகினு போ பா. எனக்கு இத ஓட்டத் தெரியாது. இங்க கெடந்தா தொட்டுகினே இருப்பேன்" என்றார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு என் கணினியில் அதை இணைத்தேன். எழும்பி உயரே போனதும், அக்கா சொல்வதுபோல் முதலில் கையை எடுத்தேன். டேப் இன்னும் இருந்தது. அதனால் குச்சி துவளவில்லை. காற்று அசைத்தபோது கொஞ்சம் அசைந்து, விறைப்பாக நின்றது. தகட்டுக்குள் ரெக்ஸினில் முழங்கை அழுத்திய பள்ளம் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, என் மனைவி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பிறகு டேப்பை உரித்தேன். ஆளில்லாத குச்சி ஆடக் கூடாது. கண் திறந்ததும் குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சட்டென்று கையை வைத்தேன். மறுபடி உயிர் வந்து என் கையை முரட்டுத்தனமாகத் தள்ளியது. விசை இன்னும் முழு அளவில் இருக்கிறது, அவர் முழங்கைக்கு வேண்டியிருந்த அளவு. என் மணிக்கட்டுக்கு அது அதிகம். மறுநாள் காலையில் வீங்கியிருந்தது. குறைக்க ஒரு நிமிடம் போதும். அக்கா இருந்திருந்தால், மணிக்கட்டப் பாழாக்கிக்கினியே என்று படியிலேயே நிறுத்தித் திட்டியிருப்பார். திட்டட்டும் என்று நான் குறைக்காமலே வைத்திருக்கிறேன்.