இரண்டாவது பிரேக்

ரோலண்ட் மெட்காஃப் இங்கிலாந்தில் எங்கள் ஸ்கிப்டன் ஊரில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அந்தப் பாதிப் பேருக்கும் அவருடைய வலது கால் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு என்று வைத்திருப்பார்கள். ரோலண்ட் அதைத் தன் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு வைத்திருந்தார். புறா குறுக்கே வந்தால் பிரேக். புறா வருமோ என்று அவருக்குத் தோன்றினாலும் பிரேக். என் மகள் அவரிடம் படித்த காலத்தில் தினமும் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கினாள்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. அதனால் இந்தக் கதையின் ஒரு பாதியை ரோலண்ட் வாயாலும் மறு பாதியை அவர் மனைவி ஹிலரி வாயாலும் வேலிக்கு இந்தப் புறம் நின்று கேட்டிருக்கிறேன். இரண்டும் பொருந்தாத இடங்களில் ஹிலரி சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

ஹிலரி மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் உட்காருகிறவள். கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே உள்ள ரவுண்டானாவில் அவர் பிரேக்கை மிதித்ததும், அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். கார் நடு ரோட்டில் நின்றது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேலைக்கு இன்றைக்கும் பஸ்தான்.

வருஷா வருஷம் கோடை விடுமுறைக்கு அவர்கள் வடக்கே ஒரு கடற்கரைக்குப் போய், கம்பளிச் சட்டையோடு மணலில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். போன வருஷம் ஹிலரி முடியாது என்றாள். வெயில் வேண்டும், பிரான்சு போக வேண்டும், அதுவும் தெற்கே. ரோலண்ட் ஒத்துக்கொண்டார். கிளம்புகிற வாரத்தில் சொந்தக் காரின் கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், கூரை மேலிருந்த பயிற்சிப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சிக் காரிலேயே கப்பல் ஏறினார்கள்.

பிரான்சில் எல்லாரும் ரோட்டின் வலது பக்கம் போகிறவர்கள். எங்கள் ஊர்க் காரில் ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஆக ரோலண்ட் ஓரத்துப் புல்லைப் பார்த்து ஓட்ட, எதிரே வருகிற லாரி எல்லாம் ஹிலரியின் மடியை நோக்கியே வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய முதல் ரவுண்டானாவிலேயே அவள் கால் தானாகக் கீழே போனது. கீழே பிரேக் இருந்தது. கார் குலுங்கி நின்றது.

"காலை எடு, ஹிலரி."

"எதுக்கு?"

"ஓட்டுறது நான்."

"தெரியுது. அதனாலதான்."

அதற்குப் பிறகு அவளுக்கு ருசி கண்டுவிட்டது. லாரிக்கு மிதித்தாள். சைக்கிள்காரனுக்கு மிதித்தாள். ரோட்டோரம் கிர்ணிப் பழம் விற்றவனைப் பார்த்து மிதித்தாள். ஒரு பழைய கோட்டை அழகாக இருந்ததற்கு மிதித்தபோது ரோலண்ட் காரை ஓரம் கட்டி, இறங்கி, வால்நட் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். இப்படி ஒரு மனுஷனை நடத்தலாமா, ஓட்டுகிறவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விடாதா என்று கேட்டாராம். ஹிலரி பழத்தை வெட்டிக்கொண்டே, ஊரில் ஐந்நூறு பேர் உன்னைக் கேட்க நினைத்ததும் இதேதான் என்று சொன்னாளாம்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் தெரிவது அவளுக்கு மட்டும்தான். அவள் "இப்போ" என்றால் தாண்டுவார், "வேணாம்" என்றால் பின்தங்குவார். முப்பது வருஷமாகக் காரில் தானே எல்லாம் முடிவு செய்த மனிதருக்கு அது சுகமாகக்கூட இருந்திருக்கிறது. திரும்பி வரும்போது மிதிக்கிற சண்டையே இல்லை. வெயிலில் சிவந்து, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்காக எனக்கு ஒரு ஜாடி வாத்துக் கல்லீரல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பூனை அதை மிகவும் ரசித்தது.

இங்கே மழை. அவர்கள் இல்லாத நாளெல்லாம் விட்டுவிட்டுப் பெய்த மழை, வந்த அன்று நிம்மதியாகப் பெய்தது. ஹிலரி விடுவதாக இல்லை. அங்கே போலவே மதியச் சாப்பாடு வெளியேதான் என்று தோட்டத்தில் மேஜை போட்டு, பெரிய குடை விரித்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் வைத்தாள். ரோலண்ட் மழைக்கோட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ரொட்டி நனையுதே என்று நான் வேலிக்கு மேலிருந்து சொன்னேன். சூப் மாதிரி நினைச்சுக்கிறோம் என்றாள். மூன்றாம் நாள் மேஜை உள்ளே போனது.

ரோலண்டுக்கு வந்த கஷ்டம் வேறு. தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர், தேவாலயத்துப் பக்கத்து முனையில் நின்றுவிட்டார். ரோடு காலியாகத்தான் இருந்தது. பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்கிறார்கள். இடது பக்க இருக்கையிலிருந்து யாராவது "இப்போ" என்று சொல்வதற்குக் காத்திருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை முதல் பாடம் ஃபிலிப்பா ஓல்ட்ராய்டுக்கு. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும், ஐம்பதைத் தாண்டிய பெண். ஓட்டுநர் தேர்வில் இத்தனை தடவை தோற்றவர் ஊரில் வேறு யாருமில்லை. தேர்வு வைக்கிறவர் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார் என்று பேச்சு. அவள் காரில் ஏறியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள். பின்பெட்டியில் பிரான்சில் வாங்கிய பாலாடைக்கட்டி ஒன்றை மெட்காஃப் தம்பதி மறந்திருந்தார்கள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மழைச் சாரலோடு ஓட்டினாள். வாகன நிறுத்துமிடத்திலிருந்து வெளியே திரும்பும் இடத்தில் வழக்கம்போலத் தடுமாறினாள். ரோலண்ட் அலுத்துப்போய், தள்ளி உட்காருங்க, நான் காட்டுறேன் என்றார். இருவரும் இடம் மாறினார்கள்.

அவர் நிதானமாக, கண்ணாடி பார்த்து, விளக்குப் போட்டு, பாடப் புத்தகம்போல வெளியே வந்து, ரோட்டின் வலது பக்கமாகப் போனார்.

எதிரே குப்பை லாரி. ஃபிலிப்பாவின் கால் கீழே போனது. கீழே பிரேக் இருந்தது. கார் குலுங்கி, லாரிக்கு ஒரு கை தள்ளி நின்றது. ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். லாரியை ஓட்டி வந்த கேரத், ரோலண்டிடம் கழுத்து வலியோடு படித்தவர்களில் ஒருவன். அவன் ஜன்னலுக்கு வெளியே முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் பேசினான்.

"மிஸ்டர் மெட்காஃப், இந்த ஊர்ல நாம இடது பக்கம் போவோம். நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

ஃபிலிப்பா பின்னால் பார்த்து, கைகாட்டி, "மெதுவா பின்னாடி எடுங்க, அப்படித்தான், பதறாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, அவரை இடது பக்கம் கொண்டுவந்து சேர்த்தாள். அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்ததாம்.

மறுநாள் முதல் ரோலண்டுக்கு முதுகு வலி. பாடங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு, தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒழுங்காக இருந்த புல்வெட்டியைப் பிரித்துப் போட்டார். ஹிலரிக்கு விஷயம் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண் மூலம் தெரிந்தது. அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தது என் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது. பிறகு கொட்டகைக்குப் போனாள்.

அங்கே அவர் சொன்னதை அவள் சிரிக்காமல்தான் என்னிடம் சொன்னாள். தன் கண் முன்னாலேயே தன் கை தப்பு செய்ததாம்; செய்யும்போது அது சரியென்றே தோன்றியதாம். இனி எந்த முகத்தோடு மற்றவர்களைத் திருத்துவது என்று கேட்டிருக்கிறார். ஹிலரி பக்கத்தில் இருந்த உரமூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட படிக்க வர்றவங்களுக்கெல்லாம் தினமும் அப்படித்தான் இருக்கு, ரோலண்ட். உனக்கு இப்பதான் தெரியுது. நல்லதுதானே?"

அவர் புல்வெட்டியில் மாட்ட முடியாமல் போன ஒரு ஸ்பிரிங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார்.

அவரைத் திரும்ப வேலைக்கு இழுத்தவள் ஃபிலிப்பா. வாசலில் வந்து மணியடித்து, முதுகு வலிக்கு உட்கார்ந்துகொண்டு வருவது நல்லது என்று சொல்லிக் கையோடு கூட்டிப் போனாள். ஒரு நிபந்தனையும் போட்டாள்: அவர் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரோலண்ட் வைத்துக்கொண்டார். முதல் நாள் அது அவருக்கு எவ்வளவு வேதனை என்பது கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது என்று அவள் சொன்னாள். புறாக்கள் வந்தன, தாமாகவே பறந்தும் போயின. அக்டோபரில் அவள் தேர்வில் பாஸானாள். தேர்வு வைத்தவர் கீழே இறங்கி அவளுக்குக் கைகொடுத்து, இனிமேல் பார்க்க முடியாதே என்று வருத்தப்பட்டாராம்.

அதற்குப் பிறகு ரோலண்டிடம் கழுத்து வலி வந்தவர்கள் குறைவு. மிதிப்பது அடியோடு போகவில்லை. ஆனால் மிதிப்பதற்கு முன் ஒரு மூச்சு விடுகிறார், பெரும்பாலும் அதற்குள் விஷயம் முடிந்துவிடுகிறது.

இலையுதிர்காலம் முடியும்போது ஹிலரி தானும் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தாள். அடுத்த கோடையில் பிரான்சில் அவள்தான் ஓட்டுவாளாம். ரோலண்ட் முகம் மலர்ந்து போய், பலகையைத் துடைத்து, சனிக்கிழமை காலையை ஒதுக்கி வைத்தார். அவள் அவரை அன்பாகத்தான் பார்த்தாள்.

"உன்கிட்ட இல்ல, கண்ணு. நைஜலுக்கு முன்பணம் குடுத்துட்டேன்."

நைஜல் பிக்கர்ஸ்கில் ஊரில் இருக்கிற இன்னொரு ஆசிரியர். இளைஞன், வெள்ளைப் பல், ரோலண்ட் அவன் பெயரையே சொல்ல மாட்டார். 'அந்த இன்னொரு ஆள்' என்றுதான் சொல்வார். இப்போது சனிக்கிழமை காலையில் அவனுடைய சிவப்புக் கார் எங்கள் தெருவைக் கடக்கும்போது ரோலண்ட் முன்வாசலில் நின்று ஏற்கெனவே வெட்டிய வேலிச்செடியை வெட்டுகிறார். ஹிலரி முதுகை நிமிர்த்தி, நேரே ரோட்டைப் பார்த்து, மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் போகிறாள். கண்ணாடி பார்க்கவில்லை, கண்ணாடி பார்க்கவில்லை என்று அவர் முனகுகிறார். கார் முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் கத்தரியைக் கீழே வைப்பதில்லை. பிறகு என்னைப் பார்த்து, நல்லாத்தான் திரும்பினா இல்ல என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ போட உள்ளே போகிறார்.