உப்புப் பூத்த கவர்

1. எல்லாம் பொருந்திய கவர்

மாத்தளையில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு ஹாஜியாரின் கடை மாடியில்தான் எனக்கு வேலை. கீழே சாக்குகள். மேலே அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பழைய தபால் கவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தூரத் தீவுகளுக்குக் கொண்டுபோன கடிதங்கள் அவை. ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்த நான் அவற்றை ஸ்கேன் செய்து, அசலா என்று பார்த்து, விவரம் எழுதுவேன்.

ஒவ்வொரு கவருக்கும் நான்கு சோதனைகள் வைத்திருந்தேன்.

ஒன்று: எந்தக் கப்பல் வழியில் போனது?
இரண்டு: அந்த வழிக்குக் கட்டணம் எவ்வளவு?
மூன்று: ஒட்டிய முத்திரை, அதாவது தபால்தலை, அதற்குச் சரியா?
நான்கு: தபால்காரர் எழுதிய தொகை சிவப்பு மையா, கறுப்பு மையா? சிவப்பென்றால் அனுப்பியவர் கட்டிவிட்டார். கறுப்பென்றால் பெறுபவர் கட்ட வேண்டும்.

அந்தக் கவர் லண்டனிலிருந்து கரீபியன் தீவொன்றுக்குப் போனது. சவுத்தாம்ப்டனில் பெரிய கப்பல், செயின்ட் தோமஸில் இறங்கி அங்கிருந்து சின்னக் கப்பல். கட்டணம் ஒரு ஷில்லிங். ஒட்டியிருந்தது ஒரு ஷில்லிங் பச்சை முத்திரை. சிவப்பு மையில் ‘1’. நான்கும் பொருந்தின.

கவர் மட்டும் ஈரமாக இருந்தது.

2. கராம்பு டின்

வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்று ஹாஜியாரின் தொகுப்பை முதன்முறையாக ஏற்றிருந்தது. அதன் நடுவில் வைக்க அவர் தேர்ந்தெடுத்தது இந்தக் கவரை. ஒரு கவர் போலி என்று நடுவர்கள் கண்டால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். அவருடைய பெயரே கெட்டுவிடும்.

“ஹாஜியார், இது ஈரமா இருக்கு.”

“மழைக் காலம்தானே மகள். கராம்பு டின்னுல வைங்க, சரியாப் போகும்.”

பூச்சி, பூஞ்சணம், பல்வலி எல்லாவற்றுக்கும் அவரிடம் கராம்புதான் மருந்து. வைத்தேன். மறுநாள் டின்னைத் திறந்தபோது கராம்பு வாசனை வரவில்லை. கடல் வாசனை வந்தது.

கடைக் கணக்குப் பார்க்கும் பைரூஸ் நானா சிரித்தார். “கருவாட்டுக் கடைக்குப் பக்கத்துல உக்காந்தா வேற என்ன வாசம் வரும் தங்கச்சி? அத்தரா வரும்?”

அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை. பக்கத்துக் கருவாட்டுக் கடை பூட்டியிருந்தது.

காரணங்களை எழுதிப் பார்த்தேன். கூரை ஒழுக்கா? இல்லை. சுவரில் ஈரமா? மற்றக் கவர்கள் காய்ந்தே இருந்தன. ஈரமானியை அறையில் வைத்தேன். காற்று வறண்டிருந்தது. கவரைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

3. இரண்டு ஜன்னல்கள்

கவரை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வைத்தேன். பார்சல் அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் திறந்தேன். தாள் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, முத்திரையின் மேல் மட்டும் இல்லை. முத்திரையின் ஓரத்திலிருந்து இடப்பக்கமாக இன்னொரு வெற்றுச் சதுரமும் நீண்டிருந்தது. பழைய பசை இருந்த இடத்தில் உப்பு ஏறவில்லை. பக்கம் பக்கமாக, வெள்ளைச் சுவரில் இரண்டு இருட்டு ஜன்னல்கள் போல.

அப்போதுதான் புரிந்தது. முதலில் ஒட்டியிருந்தவை இரண்டு ஆறு பென்ஸ் முத்திரைகள்; பன்னிரண்டு பென்ஸ்தான் ஒரு ஷில்லிங். இந்தக் கடிதம் போன கப்பல் மூழ்கியிருக்கிறது. முத்திரைகள் கடலில் கழன்றுபோக, கவரை யாரோ மீட்டிருக்கிறார்கள். பிறகு ஒருவர் கட்டணப் பட்டியலைப் பார்த்துச் சரியான தொகைக்கு ஒரு முத்திரை ஒட்டி, தபால் நிலையம் குத்திய குறியையும் அதன்மேல் நீட்டி வரைந்திருக்கிறார். நான் சரிபார்த்ததும் அதே பட்டியலைத்தான்.

ஹாஜியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கவரை வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தார்.

பைரூஸ் நானா, “பார்சல் கட்டணும் ஹாஜியார். அந்த உப்பத் துடைச்சிட்டு அனுப்புவமே. அங்க யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “அந்தக் கப்பல்ல ஆக்கள் இருந்திருப்பாங்களா மகள்?”

“இருந்திருப்பாங்க ஹாஜியார்.”

மவுத்து, அதாவது மரணச் செய்தி கேட்டால் சொல்லும் வார்த்தைகளை அவர் மெதுவாகச் சொன்னார். பைரூஸ் நானாவும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சேர்ந்து சொன்னார்.

“அந்தப் பொய் முத்திரையக் கழட்டுங்க. உள்ளத எழுதி அனுப்புவம்,” என்றார் ஹாஜியார்.

முத்திரையைக் கழற்ற ஈரத் தாள் வைத்து ஊறவிட வேண்டும். நான் ஈரத் தாள் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது உப்பைக் காணவில்லை. கவர் கறுத்து நனைந்திருந்தது. முத்திரை தானாக நழுவி மேசைமேல் கிடந்தது. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அது எனக்குத் தெரியும். இவ்வளவு வேகமாக இழுக்குமா என்பது தெரியாது.

“தண்ணி வச்சீங்களா?” என்றார் பைரூஸ் நானா.

“இல்ல நானா.”

அதன்பிறகு அவர் கருவாட்டுக் கடையைப் பற்றிப் பேசவில்லை.

4. ஐந்தாவது சோதனை

முத்திரை இல்லாமல், ‘கப்பல் விபத்தில் மீட்கப்பட்டது, பின்னர் ஒட்டிய முத்திரை அகற்றப்பட்டது’ என்ற விவரத்தோடு கவர் கண்காட்சிக்குப் போனது. நடுவர்கள் எதையும் சந்தேகிக்கவில்லை. மண்டபத்துக்காரர் மட்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நடுவில் மாட்டிய சட்டகத்தின் கண்ணாடி மட்டும் உட்பக்கமாக நனைகிறதாம். குளிரூட்டியில் பிழை இல்லையாம். என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அப்படியே விடும்படி பதில் எழுதினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எல்லாம் பொருந்தும் கவரை இன்னொரு முறை பாருங்கள். போலி செய்பவரிடமும் அதே பட்டியல் இருக்கிறது. என் பட்டியலில் இப்போது ஐந்து சோதனைகள். புதியதை முதலிடத்தில் எழுதியிருக்கிறேன்: கையை வைத்துப் பார், ஈரமா?

அதற்குப் பிறகு வந்த எந்தக் கவரும் ஈரமாக இருந்ததில்லை. ஆனாலும் கை வைப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன்.