கிரீடம் வைத்த தலை

பைக்கோடு சாலையோரம் விழுந்து கிடந்தவரை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு, திருச்செந்தூர் போகாமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறோம். குலசைக் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு காளி வேஷம் கட்டியவர். நினைவு திரும்பவில்லை. நர்ஸ் முகத்தைத் துடைக்கிறார். பஞ்சில் எது சாயம், எது ரத்தம் என்று தெரியவில்லை.

வாசலில், பின்னால் இன்னொரு பைக்கில் வந்த அவருடைய தம்பி, வயலில் போய் விழுந்த அட்டைக் கிரீடத்தை மடியில் வைத்திருக்கிறான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஹெல்மெட் போடலையா?" எரிச்சலோடு கேட்கிறேன்.

"கிரீடத்துக்கு மேல எப்படி அண்ணாச்சி மாட்ட? கோயில் போய்ச் சேருத வரைக்கும் எறக்க மாட்டேன்னுட்டான்."

"அப்படி என்ன நேர்ச்சை?"

வேட்டியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே நீளத் தையல் தழும்பைக் காட்டுகிறான்.

"போன வருசம் நான் பைக்குல விழுந்து இங்கனதான் கெடந்தேன். நான் பொழைச்சதுக்கு அண்ணன் நேர்ந்த வேசம் இது."