பதினோராம் பக்கத்து வாக்கியம்

ஆற்றுநீரை ஆராயும் அந்த விஞ்ஞானியை நிறுவனத்தில் எல்லோரும் ‘ஆத்தக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்தில் அறுபது கட்டுரைகள் எழுதியிருந்தார். பேர் வாங்கிக் கொடுத்தது ஒன்றுதான்: கழிவு கலந்த ஆறு ஒன்பது கிலோமீட்டர் ஓடியதும் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது என்று அளந்து காட்டிய கட்டுரை.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கையில் பாராட்டு விழா எடுக்க முடிவானது. அந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கச் சொன்னார் இயக்குநர். மூன்று நாள் தேடிய நூலகர் நான்காம் நாள் காலை காகிதக் கட்டோடு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், மொத்தம் அறுநூத்தி நாப்பது. ஆனா இந்த முப்பத்தெட்டும் ஆராய்ச்சி இல்ல. தொழிற்சாலைங்க அனுமதி கேட்டுக் குடுத்த அறிக்கை.”

“அதுல என் கட்டுரைக்கு என்ன வேலை?”

“நீங்களே பாருங்க.”

முப்பத்தெட்டிலும் ஒரே வாக்கியம்: ‘ஒன்பது கிலோமீட்டருக்குள் ஆறு சுத்தமாகிவிடும் என்பது நிரூபிக்கப்பட்டுள்ளது.’ அவர் அளந்தது ஒரே ஓர் ஆற்றை. அதுவும் வெள்ளம் கரைபுரண்ட வருடத்தில். அறிக்கைகளில் இருந்தவையெல்லாம் கோடையில் கணுக்கால் நனையாத ஆறுகள்.

“தண்ணி நிறைய ஓடினா மட்டும்தான்னு எழுதியிருக்கேனே!”

“எழுதியிருக்கீங்க மேடம். பதினோராம் பக்கத்துல.”

அப்போதுதான் பொறி தட்டியது. முதலில் எழுதியபோது முதல் பக்கச் சுருக்கத்திலும் ‘தண்ணீர் நிறைய ஓடினால் மட்டும்’ என்ற அந்த வாக்கியம் இருந்தது. இருநூறு சொல்லுக்குள் அடக்கச் சொல்லி இதழிலிருந்து கடிதம் வந்தபோது, அவரே தன் கையால் அதை வெட்டினார்.

மறுநாள் அந்த முப்பத்தெட்டில் மிக அருகிலிருந்த சாயத் தொழிற்சாலையிலிருந்து ஆற்றோடு கீழே, பதினோராவது கிலோமீட்டரில் இருந்த குடிநீர் பம்ப் அறைக்குப் போனார். கருவியைத் தண்ணீரில் இறக்கினார். நல்ல தண்ணீரில் ஆறு புள்ளியாவது இருக்க வேண்டிய ஆக்சிஜன் அரைப் புள்ளிகூட இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று துடைத்துத் துடைத்து மூன்று முறை இறக்கினார்.

“மீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார் பம்ப் ஆபரேட்டர். “சந்தேகமா இருந்தா உங்க மூக்கைக் கேளுங்க. யாரோ பெரிய விஞ்ஞானியாம், ஒம்போது கிலோமீட்டர்ல தண்ணி சரியாயிடும்னு எழுதிட்டாங்களாம். ஒருநாள் இங்க வந்து ஒரு டம்ளர் குடிக்கட்டும், பாப்போம்.”

“அது நான்தாங்க.”

ஆபரேட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, எவ்வளவு நேரம் நிப்பீங்க,” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பிறகு கணவரிடம் சொன்னார் ஆத்தக்கா.

விழா வேண்டாம் என்றார். “யாருக்கும் தெரியாத விஷயத்தை நீங்களே ஏன் கிளறுறீங்க?” என்று இயக்குநர் கடிந்துகொண்டார். ஆத்தக்கா திருத்தக் கட்டுரை எழுதினார். அந்த அறிக்கைகளை வாங்கிய முப்பத்தெட்டு அலுவலகங்களுக்கும் கடிதம் போட்டார். ஐந்து இடத்திலிருந்துதான் பதில் வந்தது.

சாயத் தொழிற்சாலையின் அனுமதி புதுப்பிப்பு விசாரணைக்கு நேரில் போனார். அங்கே கம்பெனி வக்கீல் அவருடைய கட்டுரையையே தூக்கிக் காட்டினார். “இவங்க பேச்சை இவங்க எழுத்தே மறுக்குதுங்க ஐயா!”

ஆத்தக்கா எழுந்தார். “எழுதினதும் நான், தப்பா சுருக்கினதும் நான். அந்தப் பம்ப்புத் தண்ணியைத்தான் ஒரு ஊரே குடிக்குது,” என்றார். பம்ப் அறையில் எடுத்த அளவுத்தாளை விசாரணை அதிகாரியின் மேசைமேல் வைத்தார். அவர் அதை இரண்டு முறை படித்தார். கோடை மாதங்களில் ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

ஓய்வுக்குப் பிறகும் கோடைதோறும் அந்த இடத்தில் அளக்கிறார். போன தடவை ஆக்சிஜன் நாலு புள்ளி. திருத்தக் கட்டுரையை இதுவரை பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பழையது எழுநூறைத் தாண்டிவிட்டது.