நடு இடம்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடை வாசலில் தொங்கிய புது பிளாஸ்டிக் பாயின் வாசம் என்னை நிறுத்தியது.

சின்ன வயதில் எங்களுக்கு வெளிநாடு என்றால் பக்கத்து மலேசியாவின் ஜொகூர்தான். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக அப்பா காரை நிறுத்துவார். பாயின் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் அம்மா, நடுவில் நான். பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம்.

“கல்யாணமானா நீ ஓரத்துக்கு வந்துடணும் லா. நடு உன் பிள்ளைக்கு,” என்பார் அப்பா.

அதேபோல் சும்மா உட்காரத்தான் அடுத்த மாதம் அவர்கள் இருவரையும் நியூசிலாந்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டேன். “புதுப் பாய் ஒண்ணு வாங்கவாம்மா? பெருசா இருக்கு.”

“எதுக்குடா? மூணு பேருக்குப் பழசே போதும்.”

ஐம்பது வயதிலும் நடு இடம் எனக்குத்தான்.