ஒட்டியிருந்த தாள்கள்

புத்தகம் சேர்ப்பதில் யாழ்ப்பாணத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த காலம். தொழிலாளருக்காக எழுதியே நாட்டைத் திருத்தப் பார்த்த ஓர் அமெரிக்க நாவலாசிரியரின் முதல் பதிப்புகளைத் தேடித்தேடி வாங்கினேன். பூச்சி அரிக்காமல் புகையிலைத் துண்டு வைத்து, அரியாலை வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பூட்டியிருந்தேன்.

ஒரு பின்னேரம் வேலையால் வந்தால், என் மனைவி அதில் ஒன்றை மடியில் வைத்து மாம்பழக் கத்தியால் தாள் தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்ட தாள்கள் அவை. ஒட்டியபடியே இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் புத்தகத்துக்கு மதிப்பு.

“என்னப்பா செய்யிறீர்?” என்று கத்தினேன்.

“கொஞ்சம் பொறுங்கோ. வேலைநிறுத்தம் முறியப் போகுது” என்றாள், தலை நிமிராமல். அவள் கண் கலங்கியிருந்தது.

“ஆர் முறிக்கினம்?” என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். “இவ்வளவு காலமும் வைச்சிருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாதே?”

அலுமாரியைத் திறந்து அடுத்த புத்தகத்தை எடுத்தேன். கத்திக்காகக் கையை நீட்டினேன்.

இன்று என் முதல் பதிப்புகளை எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிப் பார்க்கமாட்டார். பரவாயில்லை. அந்த வேலைநிறுத்தத்தை யார் முறித்தார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.